பதில் வராத விண்ணப்பம்

1861-ஆம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் கலீனா என்ற ஊரிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு விண்ணப்பம் போயிற்று. அனுப்பியவர் தோல் கடை ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். வயது 39. மனைவியும் நான்கு குழந்தைகளும் உண்டு. கடை அப்பாவுடையது. கடையை நடத்தியவர்கள் இரண்டு தம்பிகள். மூத்தவரான இவர், தம்பிகளுக்குக் கீழே பில் போட்டுக் கொண்டும் மூட்டை கட்டிக் கொண்டும் இருந்தார்.

விண்ணப்பம் ராணுவத் தலைமை அலுவலகத்தில் அட்ஜுடண்ட் ஜெனரலாக இருந்த லொரென்சோ தாமஸ் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது, உத்தியோக உத்தரவுகளை அனுப்புவது எல்லாம் அவருடைய இலாகா. நாட்டில் யுத்தம் மூண்டிருக்கிறது, சர்க்கார் செலவில் படித்தவன் என்ற முறையில் என் சேவையை அளிக்கிறேன், எந்த இடம் கொடுத்தாலும் சம்மதம் என்று எழுதிவிட்டு, என் வயதையும் அனுபவத்தையும் பார்க்கும்போது ஒரு ரெஜிமெண்டை நடத்தும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரியைக் கூச்சத்தோடு சேர்த்திருந்தார். பதில் அனுப்ப வேண்டிய விலாசமும் கொடுத்திருந்தார்.

பதில் வரவில்லை. ஒரு வாரத்தில் வரவில்லை, ஒரு மாதத்தில் வரவில்லை, யுத்தம் முடியும் வரையிலும் வரவில்லை.

விண்ணப்பித்தவர் பெயர் யுலிசிஸ் கிராண்ட். பின்னாளில் அந்த யுத்தத்தை முடித்து வைத்த தளபதி. அதற்கும் பின்னால் இரண்டு தடவை அமெரிக்க ஜனாதிபதி.

விறகு விற்ற காப்டன்

கிராண்ட் ஒன்றும் ராணுவம் தெரியாதவர் அல்ல. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1843-இல் தேறியவர். வகுப்பில் 39 பேர், இவர் 21-வது. மெக்சிகோ யுத்தத்தில் சண்டை போட்டவர். காப்டன் பதவி வரை உயர்ந்து, 1854-இல் ராஜினாமா செய்தார். மனைவி மக்களைப் பிரிந்து கலிபோர்னியாவில் ஒரு மூலையில் கிடந்த காலத்தில் மது அருந்தினார் என்றும், அதனால்தான் விலக நேர்ந்தது என்றும் பேச்சு உண்டு. உண்மை எவ்வளவோ, அந்தப் பேச்சு அவரைச் சாகும் வரை விடவில்லை.

ராஜினாமாவுக்குப் பிறகு ஏழு வருஷம் அவர் பட்ட பாடு, பிழைப்புத் தேடி ஊர் ஊராய்ப் போனவர்களுக்கெல்லாம் நன்றாகப் புரியும். மாமனார் கொடுத்த நிலத்தில் விவசாயம் செய்தார், கட்டுபடியாகவில்லை. மரத்தை வெட்டி வண்டியில் ஏற்றி செயிண்ட் லூயிஸ் நகரத் தெருக்களில் விறகு விற்றார். 1857-இல் கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு தம் தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். அந்த ரசீது இன்றும் புத்தகங்களில் பேசப்படுகிறது. வீட்டு வாடகை வசூலிக்கும் தொழிலில் கூட்டுச் சேர்ந்தார், கடன்காரனைக் கண்டித்துக் கேட்கும் சுபாவம் அவருக்கு இல்லை. 1859-இல் மாவட்ட என்ஜினீயர் வேலைக்கு மனுப் போட்டார். தீர்மானிக்க வேண்டிய ஐந்து பேரில் இரண்டு பேர்தான் அவர் பக்கம். கட்சி பார்த்துக் கொடுத்தார்கள் என்பது அவருடைய எண்ணம். சுங்க ஆபீசில் கிடைத்த ஒரு வேலை, மேலதிகாரி இறந்ததும் ஒரே மாதத்தில் போயிற்று.

கடைசியில் 1860-இல் அப்பாவிடம் போய் நின்றார். அப்படித்தான் கலீனா தோல் கடைக்கு வந்தார்.

காப்டனுக்கு ஓட்டு

1861 ஏப்ரல் 12-ந் தேதி தென் மாநிலத்தார் சம்டர் கோட்டை மீது பீரங்கி சுட்டதும் உள்நாட்டு யுத்தம் தொடங்கிற்று. 15-ந் தேதி ஜனாதிபதி லிங்கன் மூன்று மாதத்துக்கு 75,000 பேர் வேண்டும் என்று அறிக்கை விட்டார். அன்று அமெரிக்க சர்க்காரின் நிரந்தரப் பட்டாளம் ஏறத்தாழ 16,000 பேர்தான். அதிலும் பெரும்பகுதி மேற்கு எல்லையில் சிதறிக் கிடந்தது. ஆகவே யுத்தத்தை நடத்த வேண்டியது தொண்டர் படை. நம் ஊரில் மாநாட்டுக்கு வரும் தொண்டர் படை என்று எண்ணிவிட வேண்டாம். இவர்கள் சம்பளம் வாங்கி, துப்பாக்கி பிடித்து, குறிப்பிட்ட காலத்துக்குக் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள்.

இந்தத் தொண்டர் படையில் அதிகாரியாவது எப்படி என்பதுதான் வேடிக்கை.

ஒரு ரெஜிமெண்டு என்றால் பத்துக் கம்பெனி, சுமார் ஆயிரம் பேர். கம்பெனிக்கு ஒரு காப்டன், இரண்டு லெப்டினண்டு. பெரும்பாலான இடங்களில் இவர்களைச் சிப்பாய்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் ஆள் சேர்த்துக் கொண்டு வருகிறவனுக்குத்தான் ஓட்டு விழும். வக்கீல், பள்ளிக்கூட வாத்தியார், கடை முதலாளி, மாஜி மேயர் என்று ஊர்ப் பிரமுகர்கள் எல்லாம் காப்டன் ஆனார்கள். ரெஜிமெண்டுக்குத் தலைவரான கர்னலையும் அவருக்கு அடுத்த இருவரையும் நியமிக்கும் அதிகாரம் அந்தந்த மாநில கவர்னருக்கு. ஜெனரல்களை ஜனாதிபதி நியமிப்பார், செனட் சபை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக, கீழே ஓட்டு, நடுவில் கவர்னர் தயவு, மேலே அரசியல். பரீட்சை எங்கும் கிடையாது.

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சாதாரண சிப்பாய்க்கு மாதம் 11 டாலர், ஆகஸ்டு முதல் 13. கர்னலுக்குப் படிகளோடு 200 டாலருக்கு மேல். கௌரவம் வேறு. யுத்தம் மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று எல்லோரும் நம்பிய நேரம். அதற்குள் பெயரோடு ஒரு பட்டத்தைச் சேர்த்துக் கொண்டால் அடுத்த தேர்தலில் உதவும் என்று கணக்குப் போட்டவர்கள் ஏராளம். கவர்னர் மாளிகை வாசலில் சிபாரிசுக் கடிதத்தோடு கூட்டம் நின்றது.

கலீனாவில் நடந்த ஆள் சேர்ப்புக் கூட்டத்துக்கு, ஊரில் ராணுவம் தெரிந்தவர் என்ற முறையில் கிராண்டைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேசத் தெரியாதவர் அவர், திணறினார். கம்பெனி சேர்ந்தது. காப்டன் பதவி கொடுக்க வந்தார்கள். வேண்டாம் என்றார். ஒரு தடவை காப்டனாக இருந்து விட்டவர், கர்னல் வேலை தமக்குத் தகும் என்று எண்ணினார். ஆனால் அந்தக் கம்பெனிக்கு டிரில் கற்றுக் கொடுத்தார். சீருடை எப்படி இருக்க வேண்டும் என்று ஊர்ப் பெண்களுக்கு விவரம் சொல்லித் துணி தைக்க வைத்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் கடை வேலைக்குத் திரும்பவே இல்லை.

கோடு போட்ட கை

கம்பெனியோடு மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்பீல்டுக்குப் போனார். அங்கே கவர்னர் ரிச்சர்ட் யேட்ஸ். கிராண்ட் ஊர் திரும்பவிருந்த மாலையில் கவர்னர் அவரை ஓட்டலில் பார்த்து, மறுநாள் ஆபீசுக்கு வரும்படி சொன்னார். போனால், கர்னல் பதவி அல்ல. ராணுவப் பிரிவில் பாரங்கள் எழுத ஆள் இல்லை, கொஞ்சம் உதவி செய்ய முடியுமா என்று கேட்டார்கள்.

சண்டை தெரிந்தவர் உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்தார். எந்தப் பாரத்தில் எதை நிரப்ப வேண்டும், ஆயுதம் கேட்டு எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் பழைய பட்டாளத்தில் பழகியவர் ஆதலால் அவருக்குத் தெரியும். ஆனால் குமாஸ்தா வேலை தமக்கு வராது என்று அவரே ஒப்புக் கொண்டிருக்கிறார். ஒரு காகிதத்தை மறுபடியும் கண்டுபிடிக்கும்படி வைக்கத் தமக்குத் தெரிந்த இடம் சட்டைப் பையும், தம்மைவிடக் கவனமான இன்னொரு குமாஸ்தாவின் கையும்தான் என்று வயதான காலத்தில் கேலியாக எழுதினார். அந்த ‘இன்னொரு குமாஸ்தா’க்கள் இல்லாமல் எந்த யுத்தமும் நடந்ததில்லை.

பிறகு அவரை மட்டூன் முதலான ஊர்களுக்கு அனுப்பி, புதிதாகச் சேர்ந்த ரெஜிமெண்டுகளைப் பட்டியலில் பதிவு செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் கர்னலாகிப் போவதைப் பெயர் எழுதி அனுப்பி வைக்கும் வேலை அது. அந்தக் கர்னல்களில் அநேகமாக எல்லோரையும் அவர் நேரில் பார்த்தார். இவர்களால் ரெஜிமெண்டு நடத்த முடியுமானால் நம்மாலும் முடியும் என்ற தைரியம் அப்போதுதான் வந்தது. வாஷிங்டனுக்கு மனுப் போட்டது அந்தத் தைரியத்தில்.

ஸ்பிரிங்பீல்டில் அவருக்குப் பழக்கமான ஜான் போப் என்ற ராணுவ அதிகாரி இருந்தார். பெரிய மனிதர்களைத் தெரிந்தவர். உனக்காக நாலு பேரிடம் சிபாரிசு வாங்கித் தருகிறேன் என்றார். கிராண்ட் மறுத்தார். நாட்டுக்காகச் சண்டை போட அனுமதி கேட்பதற்குமா சிபாரிசு என்பது அவர் கட்சி. நல்ல கொள்கைதான். ஆனால் அந்த மாதம் முழுவதும் அவர் வேலையில்லாமல் இருந்ததற்கு அந்தக் கொள்கையும் ஒரு காரணம்.

அடுத்து அவர் செய்தது, அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் செய்வது. தெரிந்த ஒருவர் பெரிய பதவியில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நேரில் போய்ப் பார்க்க முயன்றார். ஜார்ஜ் மக்கிளெல்லன் பழைய பட்டாளத்தில் அவருக்குப் பிந்தியவர், யுத்தத்துக்கு முன் ரெயில்வே கம்பெனி ஒன்றில் உயர் பதவியில் இருந்தவர். இப்போது சின்சினாட்டி நகரில் மேஜர் ஜெனரல். கிராண்ட் தம் பெற்றோரைப் பார்க்க ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கவிங்டனுக்குப் போனவர், மக்கிளெல்லன் ஆபீசுக்கு இரண்டு நாள் தொடர்ந்து போனார். இரண்டு நாளும் காத்திருந்தார். மேசைகளைச் சுற்றி அதிகாரிகள் காதில் பேனாவோடு சுறுசுறுப்பாக இருந்தார்கள். ஜெனரலைப் பார்க்க முடியவில்லை. திரும்பினார்.

முரட்டு ரெஜிமெண்டு

வேலை கடைசியில் வந்த வழி வேறு. மே 3-ந் தேதி லிங்கன் மூன்று வருஷ சேவைக்கு 42,034 பேர் வேண்டும் என்று இரண்டாவது அறிக்கை விட்டிருந்தார். குறுகிய காலத்துக்கென்று சேர்ந்தவர்கள் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மட்டூனில் கிராண்ட் பதிவு செய்து வைத்த ரெஜிமெண்டுக்கு வாய்த்த கர்னல் ஆடம்பரப் பேர்வழி, கட்டுப்பாடு தெரியாதவர். ஆட்கள் ஊருக்குள் புகுந்து கோழி திருடுகிற அளவுக்குப் போய்விட்டார்கள். இவர் இருந்தால் நாங்கள் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள் கீழ் அதிகாரிகள். யார் வேண்டும் என்று கேட்டபோது, எங்களைப் பதிவு செய்ய வந்தாரே அந்தக் காப்டன் கிராண்ட், அவரைக் கொடுங்கள் என்றார்களாம்.

ஜூன் நடுவில் கவர்னர் யேட்ஸ் அவரை 21-வது இல்லினாய் ரெஜிமெண்டுக்குக் கர்னலாக நியமித்தார். வாஷிங்டனுக்கு எழுதிய மனுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அதிகாரி தம் சீருடையையும் குதிரையையும் தாமே வாங்க வேண்டும் என்பது விதி. கையில் காசு இல்லை. கலீனாவில் அப்பாவின் பழைய கூட்டாளி ஜாமீன் நின்று கடன் வாங்கிக் கொடுத்த பிறகுதான் கர்னல் உடை வந்தது. முதல் நாள் முழங்கை தேய்ந்த பழைய கோட்டோடு முகாமுக்குப் போய் நின்றபோது சிப்பாய்கள் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். சிரிப்பு சில நாளில் நின்றது. ஏறத்தாழ எல்லோரும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த உத்தரவு மேற்கே குவின்சிக்குப் போக. ரெயிலில் போகலாம். கிராண்ட் நடத்தியே கூட்டிப் போனார். நடக்கப் பழகட்டும் என்பது நோக்கம்.

சிபாரிசே வேண்டாம் என்றவருக்கு அடுத்த பதவி உயர்வு முழுக்க முழுக்க சிபாரிசால்தான் வந்தது. ஜெனரல் பதவிகளுக்கு இல்லினாய் மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர்களிடம் லிங்கன் பெயர் கேட்டார். கலீனா தொகுதி உறுப்பினர் எலிஹு வாஷ்பர்ன், தம் ஊர்க்காரர் என்று கிராண்ட் பெயரை முதலில் எழுத வைத்தார். தமக்கு ஜெனரல் பதவி வந்த சேதியை கிராண்ட் பத்திரிகையில் படித்துத் தெரிந்து கொண்டார். ஆகஸ்டில் கிடைத்த பதவி மே 17-ந் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. அதாவது, பதில் வராத அந்த மனுவை எழுதிய நாளில், பின்தேதியிட்ட கணக்குப்படி, அவர் ஏற்கனவே ஜெனரல்! சீனியாரிட்டி பட்டியலோடு மல்லுக்கட்டிய எவரும் இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது.

1862-இல் டானெல்சன் கோட்டை, 1863 ஜூலை 4-ந் தேதி விக்ஸ்பர்க், 1864-இல் படைகள் அனைத்துக்கும் தலைமை, 1865 ஏப்ரல் 9-ந் தேதி தென்னவர் தளபதி லீயின் சரண். இவை எல்லோருக்கும் தெரிந்த கதை. 1869-இல் ஜனாதிபதி ஆனதும் தமக்கு உதவிய வாஷ்பர்னை வெளிநாட்டு மந்திரியாக்கி, சில நாளில் பிரான்சுக்குத் தூதராக அனுப்பினார். பதவி விட்டபின் உலகம் சுற்றக் கிளம்பி, 1879 பிப்ரவரியில் பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கினார். அங்கிருந்து ரெயிலில் ஆக்ரா, கல்கத்தா எல்லாம் பார்த்துப் போனார்.

அந்த மனு என்ன ஆயிற்று? யுத்தம் முடிந்து, கிராண்டின் சரித்திரம் எழுத வந்த ஒருவர் யுத்த இலாகாவில் அதன் நகலைக் கேட்டார். தேடினார்கள், அகப்படவில்லை. பிற்பாடு ஆபீசை வேறு இடத்துக்கு மாற்றக் காகிதங்களைக் கட்டியபோது, டவுன்செண்டு என்ற அதிகாரி ஒரு மூலையில் கண்டெடுத்தார். யாரும் கிழித்துப் போடவில்லை, நிராகரிக்கவும் இல்லை. பைலில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

கர்னல் வேண்டாம் என்ற பேராசிரியர்

எல்லோருக்கும் இப்படி இழுபறி இருந்ததில்லை. வடகோடியில் மெய்ன் மாநிலத்தில் ஜோஷுவா சேம்பர்லேன் என்ற கல்லூரிப் பேராசிரியர், 1862 ஜூலையில் கவர்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐரோப்பாவுக்குப் போய்ப் படிக்கக் கல்லூரி அவருக்கு விடுமுறை கொடுத்திருந்தது. அந்த விடுமுறையை யுத்தத்துக்குப் பயன்படுத்திக் கொள்கிறேன் என்றார். அவருக்கு ராணுவம் கொஞ்சமும் தெரியாது. மாநில அட்டர்னி ஜெனரல், இந்த ஆளை நம்பி ஏமாறாதீர்கள் என்று கவர்னருக்கு எழுதினார். ஆனாலும் கவர்னர் கர்னல் பதவியே கொடுக்க முன்வந்தார். (இந்தக் கவர்னர் இஸ்ரேல் வாஷ்பர்ன், மேலே சொன்ன எலிஹுவின் அண்ணன்.)

சேம்பர்லேன், கர்னல் வேண்டாம், அதற்குக் கீழே கொடுங்கள், தொழிலைக் கற்றுக் கொண்டு மேலே வருகிறேன் என்றார். 20-வது மெய்ன் ரெஜிமெண்டில் லெப்டினண்ட் கர்னல் ஆனார். மேலே இருந்த கர்னல் வெஸ்ட் பாயிண்டில் தேறியவர், அவரிடம் ராத்திரியில் பாடம் படித்தார். மறு வருஷம் கெட்டிஸ்பர்க் போரில் ஒரு குன்றின் ஓரத்தைக் காத்து நின்றது அந்த ரெஜிமெண்டுதான். பதவியைக் குறைத்துக் கேட்டவர்கள் வேறு யாரும் இருந்தார்களா என்று தேடத்தான் வேண்டும்.

வக்கீலும் பிரமுகரும் நடத்திய படைகள் முதல் வருஷத்தில் பட்ட அடியைப் பார்த்து சர்க்கார் விழித்துக் கொண்டது. 1861 ஜூலை 22-ந் தேதிச் சட்டப்படி அதிகாரிகளைப் பரீட்சை செய்யக் குழுக்கள் ஏற்பட்டன. தேறாதவர்களும், தேற மாட்டோம் என்று தாங்களே தெரிந்து கொண்டவர்களும் நூற்றுக்கணக்கில் வெளியேறினார்கள்.

பத்திரிகையை மூடியவர்

இதுவரை சொன்னதெல்லாம் வெள்ளையர் கதை. தகுதி இருந்தும், மந்திரி வாயால் வாக்கு வாங்கியும், உத்தரவு வராமல் போன ஒருவர் உண்டு. அவர் பிரடெரிக் டக்ளஸ்.

டக்ளஸ் அடிமையாகப் பிறந்து, 1838-இல் தப்பி ஓடி வந்தவர். தாமாகவே எழுதப் படிக்கக் கற்று, 1847 முதல் ராச்செஸ்டர் நகரில் பத்திரிகை நடத்தியவர். அமெரிக்கக் கறுப்பர்களில் அவரைப் போல் பேசவும் எழுதவும் வல்லவர் அன்று இல்லை. 1863 ஜனவரி முதல் தேதி லிங்கன் அடிமை ஒழிப்பு அறிக்கை விட்டு, கறுப்பர்களையும் பட்டாளத்தில் எடுக்கலாம் என்றானபோது, டக்ளஸ் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். 54-வது மசாசூசெட்ஸ் ரெஜிமெண்டில் தம் இரண்டு மகன்களையே சேர்த்துவிட்டார்.

ஆனால் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்துக் கொண்டு 7 டாலர். பிடிபட்டால் அவர்களை யுத்தக் கைதியாக நடத்த மாட்டோம் என்று தென்னவர் சர்க்கார் அறிவித்தது. அதிகாரிப் பதவி வெள்ளையருக்குத்தான். லூசியானாவில் கறுப்புக் காப்டன்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்களையும் அங்கிருந்த ஜெனரல் ஒருவர் பின்னொருவராக விலக வைத்துக் கொண்டிருந்தார்.

1863 ஆகஸ்டு 10-ந் தேதி டக்ளஸ் வாஷிங்டனுக்குப் போய் யுத்த மந்திரி ஸ்டாண்டனையும் லிங்கனையும் பார்த்தார். லிங்கனோடு அவருக்கு அதுதான் முதல் சந்திப்பு. சம்பளம், கைதிகள், பதவி உயர்வு மூன்றையும் கேட்டார். சம்பளம் பின்னால் சரியாகும் என்றார் லிங்கன். யுத்த மந்திரி எந்தக் கறுப்பருக்குப் பதவி சிபாரிசு செய்தாலும் தாம் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். ஸ்டாண்டன் இன்னும் ஒரு படி மேலே போனார். மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் விடுதலை பெற்ற கறுப்பர்களைப் பட்டாளத்தில் சேர்க்கும் வேலை நடக்கிறது, அதற்கு உங்களை அதிகாரியாக நியமிக்கிறேன், அங்கே இருக்கும் ஜெனரலுக்குத் துணை அட்ஜுடண்டாகப் போங்கள் என்றார்.

அந்த ஜெனரல் வேறு யாருமில்லை, லொரென்சோ தாமஸ். கிராண்டின் மனு யார் பெயருக்குப் போயிற்றோ அதே ஆசாமி.

டக்ளஸ் ஊருக்குப் போனார். சர்க்கார் அதிகாரியாகிவிட்டுப் பத்திரிகை நடத்த முடியாது என்று, 16 வருஷமாக ஒரு பெயரிலோ இன்னொரு பெயரிலோ நடத்தி வந்த பத்திரிகையை நிறுத்தினார். வாசகர்களிடம் விடைபெற்றுக் கடைசி இதழ் எழுதினார். பிறகு உத்தரவுக்குக் காத்திருந்தார்.

தபால் வந்தது. விக்ஸ்பர்க் போய் ஜெனரல் தாமசிடம் ஆஜராகவும் என்று இருந்தது. நியமனப் பத்திரம் இல்லை. டக்ளஸ் எழுதிக் கேட்டார். சம்பளம் பற்றிப் பதில் வந்தது, அதை ஆள் சேர்ப்பை நடத்திய ஒரு தனியார் கொடுப்பார் என்று. நியமனப் பத்திரம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

உத்தரவு ஒரு காகிதம்தானே, வேலை கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். டக்ளசுக்கு அது காகிதம் அல்ல. கிராண்ட் ஒரு மாதம் முன்புதான் பிடித்திருந்த ஊர் விக்ஸ்பர்க். சுற்றிலும் தென்னவர் நாடு. அங்கே தோளில் பட்டையோடு போகும் கறுப்பர் சர்க்காரின் அதிகாரி. வெள்ளைச் சிப்பாயும் அவருக்கு சலாம் போட வேண்டும். பட்டை இல்லாமல் போகும் கறுப்பர், ஓடிப் போன அடிமை. பிடிபட்டால் கேட்பாரில்லை. எல்லாவற்றையும் விட, அதிகாரியாக ஒரு கறுப்பரை ஏற்காத பட்டாளத்துக்குச் சிப்பாயாக மட்டும் வாருங்கள் என்று மற்றவர்களை எந்த வாயால் அழைப்பது?

அவர் போகவில்லை. கறுப்பரை அதிகாரியாக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று ஸ்டாண்டன் நினைத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் எழுதினார். நிறுத்திய பத்திரிகை நின்றதுதான். வாக்குக் கொடுத்தவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சம்பளம் 1864 ஜூனில் சமமாயிற்று. யுத்தம் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பர்கள் பட்டாளத்தில் சேர்ந்திருந்தார்கள். டக்ளசின் மூத்த மகன் லூயிஸ், கறுப்பர் ஏறக்கூடிய உச்சமாக அன்று இருந்த சார்ஜண்ட் மேஜர் பதவி வரைதான் வந்தார். 1865 பிப்ரவரியில் மார்ட்டின் டிலானி என்ற கறுப்பு டாக்டர் லிங்கனை நேரில் பார்த்துப் பேசி, அந்த மாதமே மேஜர் பதவியோடு வெளியே வந்தார். லீ சரணடைய இன்னும் ஆறு வாரம்தான் பாக்கி.

லொரென்சோ தாமஸ் கதையும் கொஞ்சம் இருக்கிறது. 1868 பிப்ரவரி 21-ந் தேதி, லிங்கனுக்குப் பின் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன், ஸ்டாண்டனை யுத்த மந்திரி பதவியிலிருந்து நீக்கி, தற்காலிகமாக அந்த இடத்துக்குத் தாமசை நியமித்தார். இந்தத் தடவை உத்தரவு முறையாக எழுதி, கையெழுத்தாகி, தாமஸ் கையிலேயே கொடுக்கப்பட்டது. அதை எடுத்துக் கொண்டு அவர் சார்ஜ் வாங்கப் போனார். ஸ்டாண்டன் நாற்காலியை விட மறுத்து ஆபீசுக்குள்ளேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை தாமஸ் மேல் வழக்குப் போட்டு அவரைக் கைது செய்ய வைத்து, ஜாமீனில் வெளியே வரும்படி ஆயிற்று. ஸ்டாண்டன் மே மாதக் கடைசி வரை அந்த அறையை விட்டு நகரவில்லை. தாமஸ் அந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்காரவில்லை. 1869-இல் அவர் ஓய்வு பெற்றதும் அட்ஜுடண்ட் ஜெனரல் இடத்துக்கு வந்தவர், பழைய காகிதக் கட்டில் கிராண்டின் மனுவைக் கண்டெடுத்த அந்த டவுன்செண்டு.